வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலி நாட்டில் பிறந்து, கிறித்தவ சமயப் பணிக்காகத் தமிழகம் வந்து, தமிழில் பல நூல்களை இயற்றிய இயேசு சபைத் துறவி ஆவார். இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பதாகும். தேம்பாவணி என்னும் காப்பியமும், சதுரகராதி என்னும் அகராதியும், தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலும், பரமார்த்த குருவின் கதை என்னும் நகைச்சுவை உரைநடை நூலும் இவரது படைப்புகளுள் புகழ்பெற்றவை. தமிழ் எழுத்து வடிவில் இவர் செய்த மாற்றம் இன்றளவும் வழக்கில் உள்ளது.

இவரது இலக்கியப் பணி பள்ளிப் பாடநூல்கள் வழியாகப் பலரும் அறிந்தது. அப்பணிக்குப் பின்னணியாக இருந்த சமயப் பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. இவர் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றிய ஏலாக்குறிச்சி இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. தஞ்சை நாட்டில் துன்புறுத்தலுக்கு உள்ளான கிறித்தவர்கள் அடைக்கலம் தேடிய ஊர்களுள் அதுவும் ஒன்று. சிதறிக் கிடந்த அம்மக்கள் மீண்டும் ஒன்றுகூடி வழிபடுவதற்கு ஓர் இடத்தையும், பாடுவதற்குத் தமிழ்ப் பாடல்களையும், வழிநடத்துவதற்குப் பயிற்சி பெற்ற உபதேசியார்களையும் தந்தது வீரமாமுனிவரின் முதன்மையான சமயப் பணி எனலாம்.

பிறப்பும் கல்வியும்

வீரமாமுனிவர் வட இத்தாலியில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்தார். இயேசு சபையின் புனிதர்களுள் ஒருவரான அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் இதே ஊரில்தான். 1698ஆம் ஆண்டில் பெஸ்கி இயேசு சபையில் சேர்ந்தார். போலோஞா நகரில் இறையியல் கற்றுக் குருவானார். மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய துறவிகள் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்கள் அக்காலத்தில் இயேசு சபையினரிடையே விரும்பிப் படிக்கப்பட்டன. பெஸ்கி தம்மையும் அங்கு அனுப்புமாறு வேண்டி இசைவு பெற்றார்.

தமிழகம் வருகை

லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பெஸ்கி 1710ஆம் ஆண்டில் கோவா வந்து சேர்ந்தார். பின்னர் தெற்கே பயணம் செய்து, 1711ஆம் ஆண்டில் மதுரை மறைத்தளத்தில் தம் பணியைத் தொடங்கினார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள காமநாயக்கன்பட்டி இவர் முதலில் பணிபுரிந்த ஊர்களுள் ஒன்று.

தென்பகுதியில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளிலேயே இவர் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். குருக்கள்பட்டி என்னும் ஊரில் சிறைப்படுத்தப்பட்டு, உயிருக்கே ஆபத்து நேர்ந்த நிலையில் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் துன்புறுத்தலுக்கு ஆளான மக்களிடையே பணி செய்யச் சென்றபோது, அத்துன்பத்தைத் தாமும் அனுபவித்தவராகவே இவர் சென்றார்.

இதன்பின் வடக்கே வந்த இவர், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவூரில் சில காலம் பணியாற்றினார். அதன் பிறகே ஏலாக்குறிச்சி இவரது முதன்மையான இருப்பிடம் ஆயிற்று.

பெயரும் கோலமும்

கான்ஸ்டன்டைன் என்னும் பெயர் நிலையான உறுதியைக் குறிப்பது. அதனைத் தழுவி இவர் முதலில் தைரியநாதர் என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. இவருக்கு முன் மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நோபிலியைப் பின்பற்றி, இவரும் ஐரோப்பிய உடையையும் உணவையும் விடுத்துத் தமிழகத் துறவியரின் கோலத்தை மேற்கொண்டார். காவி உடை, காதில் குண்டலம், தலையில் பாகை, புலித்தோல் இருக்கை, பல்லக்கு ஆகியவற்றுடன் இவர் சென்றதாகப் பிற்காலத்தில் எழுதப்பட்ட வரலாறு கூறுகிறது. சுப்பிரதீபக் கவிராயர் இவருக்குத் தமிழ் கற்பித்தார் என்பது மரபு.

தஞ்சைக் கிறித்தவர்களின் இடர்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் இருகரைகளும் வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. தென்கரையில் தஞ்சை மராத்தியர் ஆட்சி நடந்தது. ஏலாக்குறிச்சி அமைந்த வடகரைப் பகுதியில் அரியலூர், உடையார்பாளையம் ஆகிய பாளையங்கள் இருந்தன.

1701ஆம் ஆண்டில், மன்னர் சாகுஜியின் காலத்தில், தஞ்சை நாட்டுக் கிறித்தவர்கள் மீது கடும் அடக்குமுறை ஏவப்பட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன, உடைமைகள் பறிக்கப்பட்டன, பலர் சிறையிடப்பட்டனர். இயேசு சபைக் குருவான ஜோசப் கர்வாலோ தஞ்சைச் சிறையிலேயே அவ்வாண்டு உயிர் துறந்தார். துன்பம் தாங்காது சமயத்தைக் கைவிட்டோரும் உண்டு. ஊரை விட்டு வெளியேறிக் கொள்ளிடத்தைக் கடந்தோரும் உண்டு. ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்வது தொலைவில் சிறிய பயணமே. ஆனால் நிலத்தையும் வீட்டையும் வழிபாட்டிடத்தையும் விட்டு வந்தவர்களுக்கு அது புதியதொரு வாழ்வின் தொடக்கமாக இருந்தது.

இத்தகைய சூழலில் கிறித்தவ சமூகம் எதிர்கொண்ட பெரிய இடர், குருக்களின் பற்றாக்குறை ஆகும். ஒரு குருவின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. அவர் ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு முறை வருவதே அரிது. பூசை இலத்தீன் மொழியில் நடைபெற்றது. மக்களின் தாய்மொழியில் பூசை நடைபெறும் வழக்கம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின்னரே வந்தது. ஆகவே குரு இல்லாத நாள்களில் மக்கள் தாமே ஒன்றுகூடிச் செபிக்கும் முறையும், அவர்களுக்குப் புரியும் மொழியில் செபமும் பாட்டும் இல்லையெனில் நம்பிக்கை நாளடைவில் தேய்ந்துவிடும் நிலை இருந்தது.

ஏலாக்குறிச்சி என்னும் திருக்காவலூர்

வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சிக் கோயிலை அன்னை மரியாவின் பெயரில் அமைத்து, அங்குள்ள அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டார். ஊருக்குத் திருக்காவலூர் என்னும் பெயரைச் சூட்டினார். காவல் தரும் ஊர் என்பது அதன் பொருள். அங்கு வந்து சேர்ந்தவர்கள் புகலிடம் தேடியவர்கள் என்பதை நோக்கினால் இவ்விரு பெயர்களின் பொருத்தம் விளங்கும். அகதியாக வந்தவர் தம் நிலையையே வழிபாட்டின் மொழியாகக் கொண்டு வேண்டுவதற்கு இப்பெயர்கள் இடமளித்தன.

அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயர் ஒருவர் கொடிய பிளவை நோயால் வருந்தியபோது வீரமாமுனிவர் அவரைக் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் ஏலாக்குறிச்சித் தல வரலாறு கூறுகிறது. நோய் நீங்கிய விதம் பற்றிய செய்தி நம்பிக்கை சார்ந்தது. எனினும் உள்ளூர் ஆட்சியாளரின் ஆதரவு இன்றி இத்தகைய கோயில் நிலைத்திருக்க இயலாது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் அடங்கிய இந்நிலப்பரப்பு அம்மன் வழிபாடு செழித்த பகுதியாகும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் இதற்குச் சிறந்த சான்று. சிறுபான்மையினராக இங்கு வாழ்ந்த கிறித்தவர்களும் தேர்த்திருவிழா, நேர்ச்சை, முடி காணிக்கை போன்ற தமிழகப் பொது வழக்கங்களைத் தம் வழிபாட்டில் ஏற்றனர். அன்னையிடம் அடைக்கலம் புகுதல் என்னும் கருத்து இந்நிலத்து மக்களுக்கு அயலானதன்று.

கூட்டு வழிபாடும் பாடல்களும்

ஏலாக்குறிச்சியில் இருந்த காலத்தில் வீரமாமுனிவர் இயற்றிய சிற்றிலக்கியங்கள் பல வழிபாட்டோடு தொடர்புடையவை. திருக்காவலூர்க் கலம்பகம் அவ்வூரையும் அங்கு எழுந்தருளிய அன்னையையும் பாடுவது. அடைக்கல மாலை அதே அன்னையைப் போற்றுவது. அன்னை அழுங்கல் அந்தாதி, மகனை இழந்த மரியாவின் துயரைப் பொருளாகக் கொண்டது. கித்தேரி அம்மாள் அம்மானை, தம் நம்பிக்கைக்காக உயிர் துறந்த ஒரு பெண்ணின் வரலாற்றை அம்மானை வடிவில் கூறுவது.

இந்நூல்களின் பொருள்களை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். புகலிடம், துயருறும் தாய், துன்புறுத்தலில் தளராத பெண் ஆகிய மூன்றும் கொள்ளிடக் கரை மக்களின் அண்மைக்கால அனுபவத்துக்கு நெருக்கமானவை. கலம்பகம், மாலை, அந்தாதி, அம்மானை ஆகிய வடிவங்களும் தமிழருக்குப் பழக்கமானவை. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாவதால் மனப்பாடம் செய்வது எளிது. அம்மானை, பெண்களின் விளையாட்டோடு இணைந்து வளர்ந்த பாட்டு வடிவம். எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில், ஏட்டைக் காட்டிலும் நினைவில் நிற்கும் பாட்டே பலரைச் சென்றடைந்தது.

கோனான்குப்பமும் தேம்பாவணியும்

இன்றைய கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பகுதியில் உள்ள கோனான்குப்பத்தில் வீரமாமுனிவர் மற்றொரு கோயிலை அமைத்தார். அங்குள்ள அன்னை பெரியநாயகி மாதா எனப்படுகிறார். முகாசாபரூர்க் கச்சிராயர் குடும்பத்தினர் இக்கோயிலுக்கு உதவியதாகத் தல வரலாறு கூறுகிறது. தமிழ்ப் பெண்ணைப் போல் உடையணிந்த அன்னையின் திருவுருவத்தை வீரமாமுனிவர் பிலிப்பைன்சின் மணிலாவில் செய்வித்துத் தருவித்தார் என்பதும் மரபுச் செய்தி.

தேம்பாவணி இவ்வூரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. 1726ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற இக்காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர் இதன் தலைவர். எசுப்பானியத் துறவியான ஆகிர்தாவின் மரியா எழுதிய நூல் இதற்கு மூலங்களுள் ஒன்றாகும். குழந்தை இயேசுவைக் கொல்ல ஏரோது மன்னன் முனைந்தபோது, சூசையப்பர் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பிச் சென்ற வரலாறு விவிலியத்தில் சில வரிகளில் முடிகிறது. தேம்பாவணியில் அது பல படலங்களாக விரிகிறது. அரசனின் சினத்துக்கு அஞ்சி இரவில் நாட்டை விட்டு வெளியேறும் ஒரு குடும்பத்தின் கதை, ஆற்றைக் கடந்து வந்தவர்கள் வாழ்ந்த பகுதியில் எழுதப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

வேதியர் ஒழுக்கம்

குரு இல்லாத நாள்களில் வழிபாட்டை நடத்தும் பொறுப்பு உபதேசியார்களுடையது. இவர்கள் வேதியர் என்றும் அழைக்கப்பட்டனர். ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கோயிலில் கூட்டுதல், செபங்களைச் சொல்லிக் கொடுத்தல், குழந்தைகளுக்கும் புதிதாகச் சேர்வோருக்கும் ஞான உபதேசம் கற்பித்தல், நோயாளிகளைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல், சிறைப்பட்டோருக்குத் துணை நிற்றல் ஆகியன இவர்களின் கடமைகள். துன்புறுத்தல் வந்தபோது முதலில் பிடிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் இவர்களே.

இவர்களுக்காக வீரமாமுனிவர் எழுதிய உரைநடை நூல் வேதியர் ஒழுக்கம் (1727) ஆகும். உபதேசியாருக்கு இருக்க வேண்டிய பக்தியையும் நடத்தையையும் கடமையையும் இது விளக்குகிறது. பிறருக்குக் கற்பிப்பவர் தம் நம்பிக்கையில் முதலில் உறுதி பெற வேண்டும் என்பது இதன் மையக் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் நல்ல எடுத்துக்காட்டாகவும் ஆய்வாளர் இதனைக் கருதுகின்றனர்.

வழிபாட்டின் வரம்புகள்

இக்கூட்டு வழிபாடு எல்லாரையும் சமமாக உள்ளடக்கியது என்று கூற இயலாது. மதுரை மறைத்தளத்தில் சாதி வேறுபாடு ஏற்கப்பட்டிருந்தது. கோயிலுக்குள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியினர் தனித்து வைக்கப்பட்டனர். உள்ளூர் வழக்கங்களை எந்த அளவு ஏற்கலாம் என்பது பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. 1704ஆம் ஆண்டில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை அவ்வழக்கங்களுள் பலவற்றைத் தடை செய்தது. 1744ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இவ்விவாதத்துக்கு முடிவு கட்டினார். வீரமாமுனிவரின் தமிழகப் பணி முழுவதும் இவ்விவாதம் நடந்த ஆண்டுகளுக்குள் அடங்கும்.

லுத்தரன் சபையினருடன் சர்ச்சை

தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டில் வந்திறங்கிய சீகன்பால்கு லுத்தரன் சபையைத் தொடங்கினார். அச்சபையினர் அச்சகம் நிறுவி, தமிழில் புதிய ஏற்பாட்டையும் பல நூல்களையும் அச்சிட்டுப் பரப்பினர். தஞ்சை நாட்டுக் கத்தோலிக்கரிடையேயும் அவை பரவின. மரியா வழிபாடு, புனிதர் வணக்கம் ஆகியவற்றை அவர்கள் மறுத்தனர். இதற்கு எதிராக வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதக மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களை எழுதினார். இவற்றின் நடை கடுமையானது. இத்தனை எதிர்ப்புக்கிடையிலும், இவரது கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தரங்கம்பாடி அச்சகத்தார் 1738ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டனர்.

மொழிப் பணி

தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தையும் கூறும் இலக்கண நூல். சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது. நிகண்டுகளை மனப்பாடம் செய்து பொருள் அறிந்த காலத்தில், சொற்களை அகர வரிசையில் தந்த இந்நூல் தமிழ் அகராதி வளர்ச்சிக்கு வழிகோலியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இவர் இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

அக்கால ஏடுகளில் எகர, ஒகரங்களின் குறிலும் நெடிலும் புள்ளியால் மட்டுமே வேறுபடுத்தப்பட்டன. ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படாததால் படிப்போர் இடர்ப்பட்டனர். ஏ, ஓ ஆகிய நெடில்களுக்கும், அவற்றின் உயிர்மெய்க் குறிகளுக்கும் தனி வடிவம் வகுத்து வீரமாமுனிவர் இக்குழப்பத்தை நீக்கினார்.

இறுதிக் காலம்

1736ஆம் ஆண்டில் சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினார். வீரமாமுனிவர் அவரைச் சந்தித்து நட்புப் பெற்றார் என்று கூறப்படுகிறது. அவரிடம் திவானாகப் பணியாற்றினார் என்னும் செய்தியைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. 1741ஆம் ஆண்டில் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறையிட்டனர். போரால் நாடு நிலைகுலைந்த அக்காலத்தில் வீரமாமுனிவர் தெற்கே கடற்கரைப் பகுதிக்குச் சென்றார். இறுதியாக, இன்றைய கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள அம்பலக்காட்டில் இயேசு சபையினரின் இல்லத்தில் தங்கினார். அங்கேயே 1747ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள், தமது 66ஆம் அகவையில் காலமானார். இவர் மணப்பாட்டில் இறந்தார் என்று முன்பு எழுதப்பட்டு வந்தது. இயேசு சபை ஆவணங்களைக் கொண்டு பின்னர் அது திருத்தப்பட்டது.

மறைவுக்குப் பின்

வீரமாமுனிவர் மறைந்த காலத்தில் கருநாடகப் போர்கள் தொடங்கியிருந்தன. அடுத்த இடி 1773ஆம் ஆண்டில் விழுந்தது. அவ்வாண்டு திருத்தந்தையின் ஆணைப்படி இயேசு சபை உலகெங்கும் கலைக்கப்பட்டது. மதுரை மறைத்தளம் புதிய குருக்களைப் பெறும் வழி அடைபட்டது. 1830களின் இறுதியில் இயேசு சபையினர் மீண்டும் மதுரைப் பணியை ஏற்கும் வரை, ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் பல ஊர்களில் குருக்களின் வருகை மிக அரிதாகவே இருந்தது. அக்காலத்தில் நம்பிக்கை அணையாது காக்கப்பட்டதற்கு உபதேசியார்கள் நடத்திய ஊர்ச் செபங்களும், மனப்பாடமாய் நின்ற பாடல்களும், ஆண்டுத் திருவிழாக்களும் துணைபுரிந்தன. வீரமாமுனிவர் அமைத்த முறையின் பயன் அவர் மறைவுக்குப் பின்னரே முழுமையாகத் தெரிந்தது.

இவரது நூல்கள் சில நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளாகவே இருந்தன. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை அச்சுவடிகளைத் தேடித் தென்னாட்டில் பயணம் செய்து, 1822ஆம் ஆண்டில் வீரமாமுனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அதே ஆண்டில் பரமார்த்த குருவின் கதை லண்டனில் அச்சாயிற்று. தேம்பாவணி புதுச்சேரியில் 1851ஆம் ஆண்டு முதல் மூன்று பகுதிகளாக அச்சிடப்பட்டது. 1968ஆம் ஆண்டில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

ஏலாக்குறிச்சி இன்று கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த திருத்தலமாக உள்ளது. கோனான்குப்பம் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இரு கோயில்களின் ஆண்டுத் திருவிழாக்களுக்கும் பல சமயத்தினரும் வருகின்றனர். அடைக்கல மாதா என்னும் பெயர் இன்றும் அங்கு வழங்குகிறது.

முதன்மையான நூல்கள்

* காப்பியம்: தேம்பாவணி
* சிற்றிலக்கியம்: திருக்காவலூர்க் கலம்பகம், அடைக்கல மாலை, அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரி அம்மாள் அம்மானை
* சமய உரைநடை: வேதியர் ஒழுக்கம், வேத விளக்கம், பேதக மறுத்தல், லுத்தேரினத்தியல்பு
* கதை: பரமார்த்த குருவின் கதை
* இலக்கணம்: தொன்னூல் விளக்கம், கொடுந்தமிழ் இலக்கணம், செந்தமிழ் இலக்கணம்
* அகராதி: சதுரகராதி
* மொழிபெயர்ப்பு: திருக்குறள் (அறத்துப்பால், பொருட்பால் – இலத்தீன்)